ஊற்றாகவும் குழாயாகவும் உதவும் குடிநீர் அமைப்பு

தாகத்துடன் வருபவருக்கு ஜலம் கொடுப்பதைப் பெரிய தர்மமாகக் கருதுவது நம் நாட்டில் வெகு காலமாக உள்ள வழக்கம். சித்திரை, வைகாசி மாதங்களில் சாலையோரத்தில் தண்ணீர்ப் பந்தல் வைத்துப் பானை ஜலமும் நீர்மோரும் வழங்குவது இன்றும் பல ஊர்களில் நடந்து வருகிறது. பானை புதியதா, ஜலம் தெளிந்ததா, பந்தலில் நிழல் உண்டா என்றெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். ஆயினும் அங்கே உள்ள ஒரு பொருளைப் பற்றி மாத்திரம் நாம் போதிய யோசனை செய்வதில்லை. பானையின் மூடிமேல் கவிழ்த்து வைத்திருக்கும் குவளையே அது.

அக்குவளை காலை முதல் மாலை வரை நூறு வாய்களுக்குப் போகிறது. நூறு கைகள் அதைப் பானைக்குள் அமிழ்த்துகின்றன. குவளை வேண்டாமலே குடிக்கவும், வேண்டும்போது பாத்திரம் பிடித்துக் கொள்ளவும் ஏற்ற ஓர் எளிய அமைப்பு உண்டு. ஒரே குழாய் கீழ் நோக்கியும் ஒழுகும். விரலால் முனையை அடைத்தால் மேல் நோக்கியும் பீச்சும். அது எவ்விதம் இயங்குகிறது, அதை நம் கிராமங்களில் அமைப்பதாயின் கவனிக்க வேண்டிய விஷயங்கள் யாவை என்பதைச் சங்க அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குவளையினால் வரும் கேடுகள்

பொதுக் குவளையினால் இரு கேடுகள் விளைகின்றன. ஒன்று நோய். 1884-ம் வருஷத்தில் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய வைத்திய நிபுணர் கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்து, காலராவை உண்டாக்கும் கிருமியைத் தனியே பிரித்தெடுத்தார்; அதே கிருமியை அவ்வூர்க் குளமொன்றின் ஜலத்திலும் கண்டார். குடிக்கும் ஜலத்தின் வழியாக நோய் பரவுகிறது என்பதற்கு அது அசைக்க முடியாத சான்றாயிற்று. ஜலம் எவ்வளவு சுத்தமாயிருப்பினும், அழுக்குக் கை ஒன்று குவளையோடு பானைக்குள் இறங்கினால் அந்தச் சுத்தம் அப்பொழுதே போய்விடும். வாய் வைத்துக் குடிப்பதால் தொண்டை நோய்களும் சளி நோய்களும் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்கின்றன.

நம்மவர் அண்ணாந்து குடிப்பவராயிற்றே, உதட்டில் பாத்திரம் படுவதில்லையே என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான், அது நல்ல பழக்கமே. ஆனால் சிறு குழந்தைகளுக்கும், தள்ளாத முதியவர்களுக்கும், கழுத்து வலி உள்ளவர்களுக்கும் அவ்விதம் குடிக்க இயலாது. கையேந்திக் குடிப்பவர்களோ, வயலிலும் வண்டியிலும் வேலை செய்த கையில் உள்ள அழுக்கையும் சேர்த்துக் குடிக்கிறார்கள்.

இரண்டாவது கேடு இழிவு. இன்னாருக்கு இக்குவளை, இன்னாருக்கு அக்குவளை என்று பிரித்து வைத்த வழக்கத்தையும், சிலருக்கு மாத்திரம் உயரத்திலிருந்து கையில் ஊற்றிய வழக்கத்தையும் நம் கிராமங்கள் அறியும். 1927-ம் வருஷம் மார்ச்சு மாதம் 20-ம் தேதி டாக்டர் அம்பேத்கர் மஹாட் என்னும் ஊரில் சவுதார் குளத்திற்கு ஆயிரக்கணக்கான மக்களுடன் சென்று ஜலம் அருந்தியது, பொது நீரில் எல்லோருக்கும் உள்ள உரிமையை நிலைநாட்டுவதற்காகவே. சென்னை மாகாணத்தில் 1938-ம் வருஷத்திலேயே இத்தகைய தடைகளை நீக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1950-ம் வருஷம் ஜனவரி மாதம் 26-ம் தேதி முதல் அமுலில் உள்ள நம் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்து, பொதுக் கிணறுகளையும் குளங்களையும் யாவர்க்கும் உரியனவாக்கியது. இவ்வளவுக்குப் பின்னரும், குவளை என்று ஒன்று இருக்குமாயின் அதைப் பிரித்து வைக்கும் சபலமும் இருக்கவே செய்கிறது. குவளையே இல்லாத இடத்தில் பிரிப்பதற்குப் பொருள் இல்லை. குனிந்து குடிக்கும் ஊற்றின் முன்னே எல்லோரும் ஒரே விதமாகக் குனிய வேண்டியதுதான்.

பிற நாடுகளின் அனுபவம்

குவளையை விலக்கும் யோசனை மேல் நாடுகளில் உடனே தோன்றிவிடவில்லை. லண்டன் நகரில் பொது ஜனங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்த முதற் குடிநீர் ஊற்று 1859-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 21-ம் தேதி திறக்கப்பட்டது. அதில் சங்கிலியால் பிணைத்த குவளைகளே இருந்தன. பாரிஸ் நகரில் ரிச்சர்டு வாலஸ் என்னும் தனவந்தர் 1872-ம் வருஷத்தில் அழகிய வார்ப்பிரும்பு ஊற்றுக்களை நிறுவினார். அவற்றிலும் சங்கிலிக் குவளைகள் இருந்தன; சுகாதாரத்தை முன்னிட்டு அவை 1952-ம் வருஷத்தில் நீக்கப்பட்டன. அமெரிக்காவில் கான்ஸாஸ் ராஜ்யத்தின் சுகாதார அதிகாரியாயிருந்த டாக்டர் சாமுவேல் கிரம்பைன் என்பவரின் முயற்சியால், ரயில் வண்டிகளிலும் பொது இடங்களிலும் பொதுக் குவளை வைப்பது 1909-ம் வருஷத்தில் அங்கே தடை செய்யப்பட்டது. அதன் பிறகே, மேல் நோக்கிக் குமிழியிடும் ஊற்றுக்கள் அந்நாட்டில் பள்ளிக்கூடங்கள்தோறும் பரவலாயின.

இவ்வூற்றுக்களில் குடிக்கலாமேயன்றிச் செம்பு பிடிக்க இயலாது. சாதாரணக் குழாயிலோ செம்பு பிடிக்கலாமேயன்றிச் செம்பு இல்லாதவன் வசதியாய்க் குடிக்க இயலாது. இரண்டையும் ஒன்றாக்கிய அமைப்பு இத்தாலி தேசத்தில் தோன்றியது.

ரோமாபுரியின் பெருமூக்கு

ரோமாபுரியின் தெருக்களில் ஏறக்குறைய 2,500 சிறு குடிநீர்த் தூண்கள் இருக்கின்றன. அவை வார்ப்பிரும்பினாலானவை; சுமார் நான்கு அடி உயரமுள்ளவை. தூணின் பக்கத்திலிருந்து ஒரு குழாய் வெளியே வந்து கீழ் நோக்கி வளைகிறது. அவ்வளைவு மூக்கைப் போல் காணப்படுவதால் ஜனங்கள் அதை ‘நஸோனே’, அதாவது பெருமூக்கு, என்று அழைக்கிறார்கள். ரோமாபுரி இத்தாலியின் தலைநகராகிய சில வருஷங்களுக்குள், 1874-ம் வருஷத்தில், லூயிஜி பியான்சியானி நகரத் தலைவராயிருந்தபோது இவை முதலில் நிறுவப்பட்டன. ஆரம்பத்தில் ஒவ்வொரு தூணிலும் யாளி முகம் போன்ற மூன்று வாய்கள் இருந்தன. பின்னர் அலங்காரம் ஒழிந்து வெறும் குழாய் மாத்திரம் நின்றது.

அக்குழாயின் வளைவில், மேற்புறத்தில், ஒரு சிறு துவாரம் உண்டு. புதியவர்கள் அதைக் கவனிப்பதில்லை. கீழே ஒழுகும் ஜலத்தைக் குனிந்து கையில் ஏந்துகிறார்கள். உள்ளூர்க் குழந்தையோ குழாயின் முனையை விரலால் அடைக்கிறது. உடனே மேற்றுவாரத்தின் வழியாக ஜலம் வில் போல் வளைந்து எழும்புகிறது. குழந்தை அந்த வளைவின் உச்சியில் வாய் வைத்துக் குடித்துவிட்டு விரலை எடுத்துவிடுகிறது. ஜலம் மறுபடியும் கீழே ஒழுகத் தொடங்குகிறது. இதில் திருகு இல்லை, வில் இல்லை, தேய்ந்து போகக்கூடிய உறுப்பு ஒன்றுமே இல்லை. நூற்றைம்பது வருஷங்கள் ஆகியும் அம்முறையை மாற்ற வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

இயங்கும் விதம்

ஜலம் எப்பொழுதும் தடை குறைந்த வழியையே நாடும். குழாயின் முனை திறந்திருக்கையில், உள்ளே வரும் ஜலம் முழுவதும் முனை வழியாகத் தடையின்றி விழுந்துவிடுகிறது. துவாரம் உள்ள இடத்தில் ஜலத்திற்கு அழுத்தம் இராது. குழாய் முழுவதும் நிரம்புவதும் இல்லை. ஆகையால் துவாரத்தின் வழியாக ஒரு துளியும் எழாது. முனையை அடைத்தவுடன் குழாய் நிரம்புகிறது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. வெளியேற வேறு வழி இல்லாமையால் ஜலம் துவாரத்தின் வழியே பீச்சுகிறது.

அங்கத்தினர்கள் இதை அரை மணி நேரத்தில் தாங்களே சோதித்துப் பார்க்கலாம். அரை அங்குலப் பிளாஸ்டிக் குழாயில் ஒரு முழம் எடுத்து, அதன் நடுவே சிறு துவாரமிட்டு, வீட்டுக் குழாயில் பொருத்தித் துவாரம் மேலே இருக்கும்படி சற்றுக் கீழ் நோக்கிச் சாய்த்துப் பிடித்துக் குழாயைக் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். பெருவிரலால் முனையை அடைத்தால் தாரை எழும், எடுத்தால் அடங்கும். குழாயை அதிகமாகத் திறந்து அடைத்தால் தாரை முகத்தில் அடிக்கும். அடுத்துச் சொல்லப்போகும் விஷயத்தின் முக்கியத்துவம் அப்பொழுது தானே விளங்கும்.

துவாரத்தின் அளவு

இவ்வமைப்பில் பிழை நேரும் இடம் துவாரமே. தாரை இரண்டு அங்குலத்திற்குக் குறைவாக எழுந்தால் குடிப்பவரின் உதடு குழாயில் படும். அப்பொழுது குவளையின் கேடு திரும்பி வந்துவிடும். ஓரடிக்கு மேல் எழுந்தால் சட்டை நனையும். சிறுவர்களுக்கு அது விளையாட்டுக் கருவியாகிவிடும். நான்கு முதல் ஐந்து அங்குலம் வரையில் எழுவதே உத்தமம்.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாயில் ஒரு வால்வை வைத்து, நிமிஷத்திற்கு மூன்று லிட்டர் மாத்திரம் வரும்படி குறைத்து வைப்பதாகக் கொள்வோம். வால்வின் தடையே பெரிதாகையால், முனையை அடைத்தாலும் வரும் ஜலத்தின் அளவு அதிகம் குறைவதில்லை. அவ்வளவு ஜலமும் துவாரத்தின் வழியே போக வேண்டும். துவாரத்தின் குறுக்களவு 8 மில்லிமீட்டராயின் தாரை சுமார் ஐந்து அங்குலம் எழும். 6 மில்லிமீட்டராயின் ஓரடிக்கும் அதிகமாக எழும். 4 மில்லிமீட்டராயின் ஏறக்குறைய ஓர் ஆள் உயரம் சீறும். குறுக்களவு பாதியானால் துவாரத்தின் பரப்பு காலாகிறது. ஜலத்தின் வேகம் நான்கு மடங்காகிறது. எழும் உயரமோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால் பதினாறு மடங்காகிறது. துவாரத்தில் சிறிது பிழை நேர்ந்தாலும் தாரையில் பெரிதாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

மேலே சொன்ன அளவுகள் குழாயின் கனத்தையும் துவாரத்தின் விளிம்பையும் பொறுத்துச் சற்று மாறக்கூடும். ஆகையால் வேலைக்காரர் முதலில் 6 மில்லிமீட்டர் துவாரமிட்டு, ஜலத்தை விட்டுப் பார்த்து, தாரை தேவையான உயரத்திற்கு இறங்கும் வரையில் சிறிது சிறிதாகப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கிய துவாரத்தை மறுபடி சிறிதாக்க இயலாது. உட்புறத்தில் பிசிறு இருந்தால் தாரை இரண்டாகப் பிளந்து சிதறும். அதை அரத்தால் நீக்கிவிட வேண்டும்.

குடத்திற்கு வேறு குழாய் வேண்டும்

நிமிஷத்திற்கு மூன்று லிட்டர் வீதம் வரும் குழாயில் ஒரு லிட்டர் பாட்டில் இருபது விநாடிகளில் நிரம்பும். செம்பு அரை நிமிஷத்தில் நிரம்பும். ஆனால் பன்னிரண்டு லிட்டர் குடம் நிரம்ப நான்கு நிமிஷங்கள் ஆகும். இது மிகவும் தாமதம் என்று கருதி வால்வை அதிகமாகத் திறந்து வைத்தால், முனையை அடைத்தபோது தாரை ஆள் உயரம் சீறும். குடத்தின் தேவையும் வாயின் தேவையும் வெவ்வேறு. ஒரே குழாயில் இரண்டையும் நிறைவேற்ற முயன்றால் இரண்டும் கெடும்.

ஆகையால் இந்த அமைப்பைக் குடிப்பதற்கும், செம்பு, பாட்டில் பிடிப்பதற்கும், கை கழுவுவதற்கும் மாத்திரம் உரியதென்று வைத்துக்கொள்ள வேண்டும். குடங்களுக்குப் பெரிய குழாய் பத்தடி தள்ளித் தனியே இருக்கட்டும். இதனால் வேறொரு நன்மையும் உண்டு. குடங்கள் வரிசையில் நிற்கும் இடத்தில், பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தையோ வழிப்போக்கரோ ஒரு வாய் ஜலத்திற்காக உள்ளே நுழைவது எளிதன்று. நுழைந்தால் சச்சரவு உண்டாகிறது. தனி ஊற்று இருப்பின் சச்சரவுக்கு இடமில்லை.

தாரை சாய்ந்திருக்க வேண்டிய காரணம்

அமெரிக்காவில் முதலில் செய்யப்பட்ட ஊற்றுக்களில் ஜலம் செங்குத்தாக எழுந்து அதே இடத்தில் விழுந்தது. அவ்வூற்றுக்களை 1916-ம் வருஷத்தையொட்டி விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தவர்கள், குடிப்பவரின் வாயில் பட்ட ஜலம் திரும்பவும் துவாரத்தின் மேலேயே விழுவதால், நோய்க் கிருமிகள் அங்கே தங்கி அடுத்தவரின் வாய்க்குச் செல்லக்கூடும் என்று கண்டார்கள். அதன் பிறகு தாரையைச் சாய்த்து அமைக்கும் முறை ஏற்பட்டது.

நம் அமைப்பில் இதற்காகத் தனி ஏற்பாடு வேண்டுவதில்லை. குழாய் தூணிலிருந்து வெளிவந்தவுடன் மட்டத்திற்குச் சுமார் 25 பாகை கீழ் நோக்கிச் சாய்ந்திருக்குமாறு வைத்து, சாய்வின் மேற்புறத்தில் நேர் குறுக்காகத் துவாரமிட்டால், தாரை தானே முன்னோக்கிச் சாய்ந்து எழும். வாயில் பட்ட ஜலம் துவாரத்தின் மேல் விழாமல் முன்னே போய் விழும். நான்கு அங்குலம் எழும் தாரை, இரண்டடி கீழே உள்ள தொட்டியை அடையும்போது துவாரத்திலிருந்து சுமார் ஒன்றேகால் அடி முன்னே சென்றிருக்கும். ஆகையால் கீழே உள்ள தொட்டியோ சிமெண்டுத் தளமோ துவாரத்திற்கு முன்னால் இரண்டடி நீண்டிருத்தல் அவசியம்.

துவாரத்திற்கும் முனைக்கும் இடையே மூன்று அங்குலமாவது இருக்க வேண்டும். முனையை அடைக்கும் விரலில் படும் ஜலம் அம்மூன்று அங்குலத்தில் தேங்கி நிற்கும். வாய்க்கு வரும் ஜலமோ பின்னாலிருந்து புதிதாக வருவது. விரலை எடுத்தவுடன் தேங்கிய ஜலம் கீழே விழுந்துவிடும். விரல் படுவதையே விரும்பாதவர்கள், முனையில் கீல் வைத்த சிறு மூடியொன்றைப் பொருத்தி, அதை ஒரு கைப்பிடியால் மூடித் திறக்கும்படி செய்யலாம்.

ஓயாமல் ஓட விடலாமா?

ரோமாபுரியில் இக்குழாய்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. குழாய்களில் ஜலம் தேங்காமல் புதிதாகவே இருக்கும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். ஆயினும் 2017-ம் வருஷக் கோடையில் கடும் வறட்சி ஏற்பட்டபோது, நகரத்தின் நீர் வினியோகக் கம்பெனி இவற்றை மூடத் தொடங்கியது. அதற்குப் பெரிய ஆட்சேபம் எழுந்தது. ஊற்றுக்களில் செலவாகும் ஜலத்தைக் காட்டிலும், பூமிக்குள் உள்ள பழைய குழாய்களின் கசிவினால் நஷ்டமாகும் ஜலம் பன்மடங்கு என்று ஜனங்கள் எடுத்துக் காட்டினார்கள்.

அவர்களுடைய வாதம் நியாயமாயினும் நாம் அம்முறையைப் பின்பற்ற இயலாது. நிமிஷத்திற்கு மூன்று லிட்டர் வீதம் ஓயாமல் ஓடினால் ஒரு நாளைக்கு 4,320 லிட்டர் செலவாகும். கிராமவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது 2019-ம் வருஷத்தில் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கொள்ளப்பட்ட அளவு. அக்கணக்குப்படி, ஓடும் குழாய் ஒன்று எழுபத்தெட்டு மனிதர்களின் பங்கை விழுங்கிவிடும். ஆகையால் வால்வுக்கும் துவாரத்திற்கும் இடையே, அமுக்கினால் திறந்து தானே மூடிக்கொள்ளும் அமுக்குக் குழாய் ஒன்று அவசியம். அமுக்கிக் கையை எடுத்த பின்னும் சில விநாடிகள் ஓடி நிற்கும் வகை சிலாக்கியமானது. ஒரு கையே உள்ளவரும், கைக்குழந்தையோடு வரும் தாயும் அதைத் தடையின்றி உபயோகிக்கலாம்.

விட்டு விட்டு வரும் ஜலம்

நம் கிராமங்களில் பலவற்றில் குழாய் ஜலம் காலையில் சில மணி நேரமே வருகிறது. தாகமோ நண்பகலில் வருகிறது. ஆகையால் ஊற்றை நேரே தெருக் குழாயில் இணைக்காமல், மூடியுள்ள ஒரு சிறு தொட்டியை எட்டு அல்லது ஒன்பது அடி உயரத்தில் வைத்து அதிலிருந்து இணைப்பதே முறை. துவாரத்திற்கு மேல் ஐந்தடி ஜல உயரம் இருந்தால் நான்கு அங்குலத் தாரைக்குத் தாராளமாகப் போதும்.

ஜலம் நிற்கும் வேளையில், பூமிக்குள் செல்லும் குழாய்கள் சில சமயம் வெளி ஜலத்தை உள்ளே உறிஞ்சிவிடுவதுண்டு. குழாயின் முனை வாளியிலோ தேங்கிய ஜலத்திலோ அமிழ்ந்திருந்தால் அழுக்கு ஜலம் ஊர்க் குழாய் முழுவதும் கலந்துவிடும். மேற்புறத் துவாரம் காற்றை உள்ளே விடுவதால் இவ்வபாயத்தைப் பெரிதும் தடுக்கும். எனினும் அதையே நம்பியிராமல், குழாயின் முனை தொட்டியின் விளிம்புக்கு அரை அடியாவது மேலே இருக்கும்படி கட்டுவிக்க வேண்டும். முனையில் ரப்பர்க் குழாய் சொருகுவதை அறவே தடுக்க வேண்டும்.

அமைக்கும் முறை

செங்கல் தூண் ஒன்று, அரை அங்குல எவர்சில்வர்க் குழாய் இரண்டடி, அளவைக் குறைத்து வைக்கும் வால்வு ஒன்று, அமுக்குக் குழாய் ஒன்று, சிமெண்டுத் தொட்டி, கழிவு ஜலக் கால்வாய் ஆகியவையே வேண்டிய பொருள்கள். பழைய ஈயக் குழாயையும் ஈயப் பற்றையும் எக்காரணத்தாலும் உபயோகிக்கலாகாது. ஈயம் குழந்தைகளின் மூளைக்குக் கேடு செய்யும். அளவு வால்வைத் தூணுக்குள் மாடத்தில் வைத்துப் பூட்டிவிட வேண்டும்; வெளியே இருந்தால் யாராவது திருகிவிடுவார்கள்.

துவாரத்தின் உயரம் தரையிலிருந்து மூன்றடி இருப்பது பெரியவர்களுக்கு ஏற்றது. குழந்தைகளுக்காக ஒரு பக்கத்தில் முக்கால் அடி உயரப் படியொன்று கட்டலாம். மறுபக்கம் சக்கர நாற்காலியில் வருபவர் நெருங்கும்படி மட்டமாக விட வேண்டும். வெயிலில் குழாய் சூடேறுமாகையால் மேலே ஒரு கூரை அவசியம். மரத்தடி நிழல் போதாதோ என்றால், பறவைகளின் எச்சம் தொட்டியிலும் குழாயிலும் விழும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கழிவு ஜலத்தைத் தெருவில் விட்டால் சேறும் கொசுவும் உண்டாகும். மூன்றடி ஆழமுள்ள உறிஞ்சு குழி வெட்டி உடைகல் நிரப்பி அதில் விடலாம்; அல்லது வாழை, கீரைப் பாத்திகளுக்குத் திருப்பலாம். ஆடு மாடுகளுக்குத் தொட்டி கட்ட விரும்பினால் அதை ஊற்றிலிருந்து விலக்கிக் கட்ட வேண்டும்.

இடமும் ஜலமும்

ஊற்று எவ்வளவு நன்றாக அமைந்திருப்பினும், ஒரு சாரார் வர அஞ்சும் தெருவில் அதை வைத்தால் அது பொது ஊற்றாகாது. பள்ளிக்கூட வாசல், நியாய விலைக் கடை, பஸ் நிற்குமிடம், சங்கக் கட்டடம் இவை எல்லோரும் வந்து போகும் இடங்கள். அங்கேதான் வைக்க வேண்டும். எந்த இடம் என்று தீர்மானிக்கும் கூட்டத்திற்கு எல்லாக் குடியிருப்புகளிலிருந்தும் ஆண்களும் பெண்களும் வந்திருத்தல் அவசியம்.

இவ்வமைப்பு ஜலத்தைச் சுத்தம் செய்யாது என்பதையும் மறக்கலாகாது. சுத்தமான ஜலத்தை வாய் வரையில் சுத்தமாகக் கொண்டு சேர்ப்பதே இதன் வேலை. தர்மபுரி போன்ற மாவட்டங்களில் நிலத்தடி ஜலத்தில் புளோரைடு என்னும் உப்பு அதிகமாயிருந்து பற்களையும் எலும்புகளையும் கெடுப்பதுண்டு. ஆகையால் முதலில் ஜலத்தைப் பரிசோதிக்கச் செய்ய வேண்டும். குளோரின் கலக்கும் ஊரில், குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்கிறதா என்று பார்த்துவர வேண்டும்.

பராமரிப்பு

பொதுச் சொத்து கெடுவது பெரும்பாலும் அதைக் கவனிக்க ஒருவரை நியமிக்காமையால்தான். வாரம் ஒருமுறை தொட்டியையும் தளத்தையும் தேய்த்துக் கழுவ வேண்டும். உப்பு ஜலமுள்ள ஊர்களில் துவாரத்தின் விளிம்பில் வெள்ளைப் படிவு கட்டித் தாரை கோணலாகும். புளிக் கரைசலில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வைத்துப் பின் துடைத்தால் நீங்கிவிடும். இரும்பு ஆணியால் குத்தக் கூடாது. துவாரம் விரிந்து தாரை தணிந்துவிடும். அடைப்பை நீக்க ஓர் ஈர்க்குச்சியே போதும். பள்ளிக்கூட விடுமுறையில் உபயோகமின்றிக் கிடக்கும் குழாய்களில் குளவி மண் கூடு கட்டும். ஆகையால் விடுமுறைக்குமுன் முனையையும் துவாரத்தையும் துணியால் கட்டி வைத்து, திறக்கும் நாளில் ஐந்து நிமிஷம் ஜலத்தை ஓடவிட்ட பிறகே குடிக்க அனுமதிக்க வேண்டும். மேல் தொட்டியை மாதம் ஒருமுறை கழுவி, கழுவிய தேதியைச் சுவரில் எழுதி வைப்பது நல்ல வழக்கம்.

சங்கத்தின் கடமை

இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. ஒரு கொத்தனார், ஒரு குழாய் வேலைக்காரர், சில நாள் வேலை, இவ்வளவே. சங்கத்தின் லாபத்தில் பொதுநலத்திற்கென்று ஒதுக்கும் நிதியிலிருந்து, விதிகள் இடங்கொடுக்கும் அளவில், இதைச் செய்யலாம். பஞ்சாயத்தின் அனுமதியையும் ஜல இணைப்பையும் முன்னதாகவே பெற்றுவிட வேண்டும். வருஷாந்தக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது, ஊற்றைக் கவனிக்கும் பொறுப்பு இவ்வருஷம் யாருடையது என்பதையும் பெயர் சொல்லி எழுதிக்கொள்ள வேண்டும்.

பலர் சிறு சிறு தொகை சேர்த்து ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வதே ஐக்கிய சங்கத்தின் தத்துவம். அச்சங்கத்தின் வாசலில், யாரும் யாரிடமும் கேளாமல், யாருடைய குவளைக்கும் காத்திராமல், குழந்தை முதல் கிழவர் வரையில் தாமே விரலால் அடைத்துக் குடித்துப் போகும் ஊற்று ஒன்று இருக்குமாயின், அத்தத்துவத்தை எழுதப் படிக்கத் தெரியாதவரும் அறிந்துகொள்வர். வரும் கோடைக்குமுன் ஒவ்வொரு சங்கமும் இதைப்பற்றி ஆலோசித்து, முதலில் ஒரு முழக் குழாயில் சோதித்துப் பார்த்து, பின் ஒரே ஓர் ஊற்றையேனும் அமைத்து முடிக்குமாக.